தாம்பாளத்தில் வைக்கக் கூடாத மிட்டாய்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. ஒரு கட்டுரை வேண்டும் என்று அண்ணி கேட்டபோது, படித்த பிள்ளைகள் யாராவது எழுதட்டுமே என்றேன். அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவள் நான்தான், அதனால் நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். உண்மைதான். எங்கள் சண்டைகளில் பெரியது ஒரு தொண்டை மாத்திரையால் வந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

அண்ணன் நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். அப்பா பால்மரம் வெட்டினார். அவர் திடீரென்று காலமானபோது அண்ணன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். நான் படித்தேன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானும் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது.

பிறகு மலாக்காவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. சீனிப்பாகு காய்ச்சும் பகுதி. வாயில் வைத்துக் கரைக்கும் தொண்டை மாத்திரைகள் அங்கேதான் தயாராயின. சீனியையும் குளுக்கோஸ் பாகையும் தண்ணீர் அநேகமாக வற்றும்வரை காய்ச்சி, சற்று ஆறவிட்டு, மாவு போலப் பிசையும் பதத்தில் மருந்தைச் சேர்ப்பார்களாம். சூடு அதிகமாக இருக்கும்போது மென்தாலைப் போட்டால் ஆவியாகிவிடும். ஆறிய பிறகு போட்டால் பாகோடு கலக்காது. முதலில் வெட்டும் மாத்திரையிலும் கடைசியில் வெட்டும் மாத்திரையிலும் மருந்து ஒரே அளவாக இருக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் உடனே உறை போட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும். சோறு உண்ணும்போதும் இதையேதான் பேசுவார். நான் பாதிதான் கேட்பேன். "அண்ணன் கமர்கட்டு கம்பெனியில் பெரிய ஆள்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரித்துவிட்டுப் போவார்.

என் மகளுக்குத் தெங்கேராவில் எங்கள் வீட்டில்தான் நிச்சயதார்த்தம் நடந்தது. வாசலில் வைக்கச் சந்தனம், குங்குமம், பன்னீர் எல்லாம் தயார். கற்கண்டு டப்பாவைத் திறந்தால் உள்ளே முழுக்க எறும்பு. மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் வாங்கிக் கொடுத்திருந்த தொண்டை மாத்திரைப் பொட்டலம் அலமாரியில் இருந்தது. மஞ்சள் நிறத்தில் பளபளவென்று, எலுமிச்சை வாசனையோடு, பார்க்க அசல் மிட்டாய்தான். உறைகளைப் பிரித்து வெள்ளிக் கிண்ணத்தில் கொட்டித் தாம்பாளத்தில் வைத்தேன். என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தாய்மாமன் என்ற முறையில் அண்ணன்தான் வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எல்லார் கண்ணெதிரிலும் அதைத் தூக்கித் தன் சட்டைப்பையில் கவிழ்த்துக்கொண்டார். சம்பந்தி அம்மாள் வாயில் அதற்குள் ஒன்று போயிருந்தது. அண்ணன் அவரிடம் கைகூப்பி, அது தொண்டை மருந்து என்றும், நாக்கு மரத்திருக்கும்வரை சூடாக எதுவும் குடிக்க வேண்டாம் என்றும் பணிவாகச் சொன்னார். சம்பந்தி அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். என் மானம் கப்பலேறிவிட்டது.

எல்லாரும் போன பிறகு அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மிட்டாய்க்காகச் சபையில் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டீர்களே என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"மிட்டாய் இல்ல பாப்பா, மருந்து. உறையப் பிரிச்சிட்டா அது என்னன்னு யாருக்குத் தெரியும்? மருந்த தட்டுல வைக்கக் கூடாது."

இனி என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொன்னேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

இரண்டு நாள் கழித்து, அது வெறும் மிட்டாய்தான் என்று நிரூபிக்க நினைத்தேன். அலமாரியில் மிஞ்சியிருந்ததில் ஒன்றை வாயில் போட்டேன். முதலில் இனிப்பு, பிறகு எலுமிச்சை. கடிக்காமல் சப்பிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். அவசரமே இல்லாமல் கரைந்தது. கொஞ்ச நேரத்தில் நாக்கு நுனி மரத்தது, பிறகு மேலண்ணம். விரலால் தொட்டுப் பார்த்தேன், வேறு யாருடைய வாயையோ தொடுவதுபோல் இருந்தது. அட, நிஜமாகவே ஏதோ செய்கிறதே என்ற வியப்பில், பக்கத்தில் ஆற வைத்திருந்த தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அது ஆறவில்லை. எனக்குத்தான் சூடு தெரியவில்லை. மரப்பு விட்ட பிறகு மேலண்ணம் தோலுரிந்து எரிந்தது. நாலு நாள் கஞ்சிதான் குடித்தேன்.

வாய் ஆறிய பிறகும் வாய் திறக்க மனம் வரவில்லை. ஆனால் கல்யாணம் நெருங்கிவிட்டது. தாய்மாமன் இல்லாமல் எந்தக் கல்யாணம் நடக்கும்? முதல் பத்திரிகை அவருக்குத்தான் வைக்க வேண்டும். வெற்றிலை பாக்குத் தட்டோடு புக்கிட் பெருவாங்கில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் மகளை எப்படி மணையில் உட்கார வைப்பேன் என்று வழியெல்லாம் எனக்குள் கேட்டுக்கொண்டே வந்திருந்தேன்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர் தட்டை வாங்கிக்கொள்ளாமல் என்னையே பார்த்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது ஒரு கேள்வி.

"ஏன்ணே, அந்த மாத்திரைய எதுக்கு அவ்ளோ நேரம் வாயில வச்சிருக்கணும்? முழுங்கிட்டா ஆவாதா?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முழுங்கினா வயித்துக்குப் போயிரும்லா. வலி தொண்டையிலதான? மெதுவாக் கரைஞ்சாதான் மருந்து அங்கயே நின்னு வேலை செய்யும். அதுக்குத்தான் அவ்ளோ கெட்டியாக் காய்ச்சுறோம்."

அதைத்தான் அத்தனை வருடம் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்றுதான் முழுதாகக் கேட்டேன். என் மேலண்ணம் வெந்த கதையையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாயைத் திற என்று சொல்லி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்து, புண் ஆறிவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் சிரித்தார். அப்புறம் தட்டை வாங்கிக்கொண்டார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் சீர்த்தட்டுகளோடு நின்றார். முதல் தட்டில் கற்கண்டு. எறும்பு ஏறாமல் கண்ணாடிச் சாடியில் மூடி போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

கடைசி நாள்களில் அண்ணனுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாவறண்டு தவித்தார். பார்க்கப் பொறுக்காமல் என் கைப்பையிலிருந்து ஒரு தொண்டை மாத்திரையை எடுத்தேன். அவர் தலையை அசைத்தார். "படுத்திருக்கிறவனுக்குக் குடுக்காத. தொண்டையில மாட்டிக்கும்" என்று முணுமுணுத்தார். உதட்டில் ஈரப்பஞ்சை ஒற்றினேன். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியர்களுக்கும், டயாலிசிஸுக்குப் போகும்போதெல்லாம் காரோட்டிய பக்கத்து வீட்டு மலாய்த் தம்பிக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. வீட்டில் பழக்கமில்லாததால் அண்ணனுக்குச் சொல்லாமல் விட்ட நன்றியையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருடைய தொழிற்சாலை நண்பர்களும் வந்திருந்தார்கள். அவர் கையால் காய்ச்சிய கடைசிப் பாகில் செய்தது என்று ஒரு பொட்டலத்தை அண்ணியிடம் கொடுத்தார்கள். அண்ணி அழுதுகொண்டே உறைகளைப் பிரித்து, படையல் இலையில் வடைக்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்குப் பிடித்ததாயிற்றே, இருக்கட்டும் என்றார்கள் எல்லாரும். நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். சபையே என்னைப் பார்த்தது.

"மருந்து அண்ணி" என்றேன். "தட்டுல வைக்கக் கூடாது."

அந்த இடத்தில் ஒரு பிடி கற்கண்டு வைத்தேன்.