வெள்ளிக்கிழமை நின்றுபோன வான்

ஒருவர் சூரியன் விழக்கூடாது என்றும், இன்னொருவர் எப்போது விழும் என்றும் ஒரே வான் வண்டிக்குள் இருந்து தவித்ததை நான் அந்த ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

வான், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணனுடையது. அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். புத்தளத்துக்கு அப்பால் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலில் எதிர்வீட்டு அன்ரிக்கு நேர்த்திக்கடன். எங்கள் மேல்மாடியில் மனைவியோடு வாடகைக்கு இருந்த வெளிநாட்டு அங்கிள் யூதர். மனைவி வீட்டில் நிற்க, அவர் ஆசைப்பட்டு வந்தார். சைவ சமயத்தவரான நாங்கள் வடைப் பொதியோடு ஏறிக்கொண்டோம். நோன்பு மாதமென்றாலும் நானாதான் ஓட்டினார். அன்ரி முழந்தாளில் கோயிலைச் சுற்ற, நானா மெழுகுதிரிகளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நானா புத்தளத்தில் ஜும்ஆ தொழ, அவருடைய செருப்புக்கு அன்ரி காவல் இருந்தார்.

அங்கிள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெள்ளி பொழுதுபட்டால் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும். பிறகு வாகனத்தில் ஏறமாட்டார், பை தூக்கமாட்டார். அதற்குள் வீடு சேரவேண்டும். சேர்ந்துமிருப்போம். ஆனால் சிலாபத்தில் கருவாட்டைக் கண்ட அன்ரியை வானுக்குள் திரும்ப ஏற்றுவது லேசான காரியமா?

கொழும்புக்குள் வந்து கொள்ளுப்பிட்டியில், காலி நகருக்குப் போகும் வீதியில், வாகனங்கள் அசையவே இல்லை. சூரியன் கடலைத் தொடும்போது அங்கிள் இறங்கிவிட்டார். தான் நடந்து வருவதாகவும், தன்னால் ஒருவரும் கஷ்டப்படக்கூடாது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"அவரைத் தனிய விட்டுட்டு என்னெண்டு போறது?" என்றார் அம்மா.

நானா பள்ளிவாசல் ஒழுங்கைக்குள் வானை நிறுத்தி, பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து ஓட்டும் இருக்கையில் ஏறினார். குனிந்து எதையோ முறுக்கினார். சத்தமே இல்லை.

"ஸ்டார்ட் ஆகுதில்ல. என்ன செய்ய ஏலும்? இனி எல்லாரும் நடக்கத்தான் வேணும்."

வெளியே நின்ற அங்கிள் யன்னலால் எட்டிப்பார்த்தார். பிறகு கண் கலங்கச் சிரித்தார். வான் பழுதாகிக் கிடக்க என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம்.

நடந்தோம். அங்கிளின் பை நானாவின் தோளில், கருவாட்டுப் பொதி அன்ரியின் தலையில். பம்பலப்பிட்டியில் அம்மாவின் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். என்ன ஊர்வலம் என்று கடைக்காரர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். வெள்ளவத்தைப் பெருவிழா என்று அன்ரியும் சிங்களத்திலேயே பெருமையாகச் சொன்னார். அங்கிள் தங்கள் ஓய்வுநாள் பாட்டொன்றைத் தொடங்க, ஒரு சொல்லும் விளங்காமலே நாங்கள் உரத்துப் பாடினோம். வாசலில் பதைத்து நின்ற அவர் மனைவி, ஒழுங்கை முனையிலேயே எங்கள் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்து அன்ரியைக் கருவாட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். உலகத்தையே வென்றுவிட்டு வந்ததுபோல் இருந்தது எனக்கு.

காலையில் வான் நானா வீட்டு வாசலில் நின்றது. ஓர் இரவுக்குள் வாகனம் திருத்தும் கெட்டிக்காரர் எங்கள் நானா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அம்மா என்னை மறுக்கவில்லை.

சாவி அந்த நேரம் முழுவதும் நானாவின் சட்டைப்பையில் இருந்ததும், அதை யன்னலால் கண்ட அங்கிள் கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் எங்களோடு நடந்ததும் விளங்குகிற வயது எனக்கு அப்போது இல்லை.