பாத்திரக்கடை கொடுத்த தடையில்லாச் சான்று

முனைவர் பட்ட ஆய்வில் சேர என்னென்ன வேண்டும் என்று பல்கலைக்கழகம் போட்டிருந்த பட்டியலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதுகலையில் ஐம்பத்தைந்து விழுக்காடு, நுழைவுத் தேர்வில் தேர்ச்சி, வழிகாட்டச் சம்மதித்து ஒரு பேராசிரியர் போட்ட கையெழுத்து. மூன்றும் என்னிடம் இருந்தன. நாற்பத்து மூன்று வயதில் அந்த நுழைவுத் தேர்வை எழுதப் போனபோது, "பேரண்ட்ஸ் எல்லாம் வெளிய நிக்கணும்மா" என்றார் வாசலில் இருந்த காவலாளி. ஹால் டிக்கெட்டைக் காட்டியதும் பாவம், அவர் முகம்தான் சுருங்கிப் போனது.

நான்காவதாக ஒன்று இருந்தது. பகுதி நேரமாகப் படிக்க வருகிறவர் எங்காவது வேலையில் இருந்தால், வேலை கொடுத்தவரிடமிருந்து தடையில்லாச் சான்று கொண்டுவர வேண்டும்.

எனக்கு வேலை கொடுத்தவர் என் கணவர். சங்கரன்கோவிலில் எங்களுக்கு ஒரு பாத்திரக்கடை. கல்யாணமாகி இரண்டாம் மாதம், "சும்மாதான இருக்க, செத்த நேரம் கல்லாவுல உக்காரு" என்று கூப்பிட்டார். அந்தச் செத்த நேரம் பத்தொன்பது வருடமாகியும் முடியவில்லை.

விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'பாத்திரக்கடை மேலாளர்' என்று எழுதினேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு பெண் அக்கறையோடு போன் பண்ணினாள்.

"மேடம், ஹவுஸ் வைஃப்னு மாத்திப் போட்டுருங்க. என்.ஓ.சி.யே தேவையில்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் ஆய்வுத் தலைப்பே குடும்பக் கடைகளில் பெண்கள் பார்க்கும் வேலையைப் பற்றியது. முதல் பக்கத்திலேயே நான் பார்த்த வேலையை நானே இல்லை என்று எழுதிவிட்டு, அப்புறம் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது? சான்று கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் கணவரிடம் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கடை லெட்டர் பேடை எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்கு விலைப்பட்டியல் தவிர அந்த லெட்டர் பேடில் அவர் வேறு எதுவும் எழுதியதில்லை.

"உன்ன என்னன்னு போட?" என்று இரண்டாம் நாள் கேட்டார்.

"மேலாளர்னு போடுங்க."

என்னை ஒரு பார்வை பார்த்தார். புதிதாகப் பார்ப்பது போல் இருந்தது. மூன்றாம் நாள் உறையில் போட்டு ஒட்டி, மேலே கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். அதைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே கொண்டுபோனேன்.

சான்றிதழ் சரிபார்ப்பில் இருந்த அதிகாரி பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

'இவர் எங்கள் கடையில் பத்தொன்பது ஆண்டுகளாக மேலாளராகப் பணிபுரிந்து வருகிறார். இவர் ஆய்வுப் படிப்பில் சேர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆடித்தபசு, தீபாவளி மற்றும் முகூர்த்த நாட்களில் இவரை அனுப்ப இயலாது. சரக்கு எங்கே இருக்கிறது என்பது இவருக்கு மட்டுமே தெரியும்.'

"அம்மா, இது தடைச் சான்றுல்லா" என்றார் அதிகாரி. சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்ல மனிதர். வெள்ளிக்கிழமைக்குள் நிபந்தனை இல்லாமல் ஒன்று கொண்டுவந்தால் இடம் உண்டு, இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார். அன்று புதன்கிழமை.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். கடையில் ஆள் இருந்தது. அவர்கள் இட்லிக் கொப்பரையைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிப் போகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இப்படிக் கவுத்துட்டீங்களே" என்று கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "உள்ளதத்தான எழுதினேன்? எழுத்துல கொடுத்துட்டு நாளைக்கு முடியாதுன்னு சொல்லக் கூடாதுல்லா." ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஒரு தவலையை எடுத்து மறுபடி துடைத்தார். "நீ இல்லாம தபசு வியாபாரத்த எப்படிட்டி பாக்க? எனக்குப் பயமா இருக்கு."

பத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. வரிசைப்படுத்தி வைத்திருந்த சண்டை அத்தனையும் எங்கே போனதோ தெரியவில்லை. பித்தளை அண்டாக்களுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"அந்த ரெண்டு வரிய எடுத்துட்டா சேத்துக்கிடுவாங்களா?"

நின்றபடியே இரண்டாவது கடிதத்தை எழுதினார். இரண்டே வரி. எந்த நாளானாலும் அனுப்புவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"யோசிச்சுத்தான் எழுதுதீங்களா?"

"எழுதியாச்சுல்லா."

முதல் கடிதத்தைக் கிழிக்கப் போனார். பிடுங்கிக்கொண்டேன். என் பட்டச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் அது இன்னும் இருக்கிறது.

சேர்ந்தேன். ஆய்வைத் தொடங்கும் முன் எழுத வேண்டிய பாடங்களில் முதல் தேர்வு எந்த நாளில் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆடித்தபசு அன்றுதான். எங்கள் ஊர்க் கோயில் திருவிழா என்பதால் எங்கள் மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. பல்கலைக்கழகம் இருக்கும் மாவட்டத்துக்குக் கிடையாது. தேதியைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன். போயிட்டு வா" என்றார். அவர் முகம் மட்டும் வெளிறி இருந்தது.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாகப் போனைப் பார்த்தேன். தபசு நாளில், ஊர் முழுக்க வெளியூர்க் கூட்டம் நிற்கும்போது, கடையிலிருந்து ஒரு அழைப்புகூட இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை, மனசுக்குள் சுருக்கென்றது. நான் இல்லாமலும் கடை ஓடிவிட்டதோ என்று ஊர் வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கூட்டத்தால் பஸ் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டது. இடித்துப் பிடித்து நடந்து கடைக்குப் போனேன். தூக்குச்சட்டியும் தவலையும் தரையெல்லாம் பரந்து கிடந்தன. கடையில் வேலை பார்க்கும் பெண் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அக்கா, காலைலயே அண்ணாச்சி எங்க போனையெல்லாம் வாங்கி, அவுக போனையும் சேத்துக் கல்லாவுல போட்டுப் பூட்டிட்டாவ. உங்களுக்குப் பரீட்சையாம், ஒருத்தரும் கூப்புடக் கூடாதாம்."

அவர் சட்டை முழுக்க நனைந்து, தொண்டை கட்டிப்போய் உள்ளே நின்றார். "பரீட்ச எப்படி?"

"நல்லா எழுதியிருக்கேன்."

"நல்லது" என்றார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "குக்கர் கேஸ்கட் எங்கனட்டி வச்சிருக்க? திருவேங்கடத்துக்காரர் ஒருத்தர் மூணு மணியில இருந்து உக்காந்திருக்காரு."

ஸ்டூலில் ஒருவர், எத்தனையாவது டீயோ, குடித்துக்கொண்டிருந்தார். நான் தோளில் கிடந்த பையைக்கூட இறக்காமல் எட்டி, என் கணவரின் தலைக்கு நேர் மேலே இருந்த அட்டைப்பெட்டியை எடுத்தேன்.