நஞ்சுக்கொடியைக் கும்பிட்டவள்

தம்பி பிறந்தது ஆஸ்பத்திரியில் அல்ல, கொல்லிமலை ரோட்டின் ஒரு கொண்டை ஊசி வளைவில். மலைமேல் எங்கள் ஊரான வாழவந்தி நாட்டிலிருந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஆம்புலன்ஸ் சேந்தமங்கலம் போய்ச் சேரும்வரை அவனுக்குப் பொறுமையில்லை. இன்றைக்கும் துரை அப்படித்தான், சோறு வேகும்வரை காத்திருக்க மாட்டான். அப்பா போர்வெல் போடும் லாரியோடு வடக்கே போயிருந்ததால் அத்தைதான் துணைக்கு வந்தாள். என்னை விட்டுவிட்டு வரத்தான் பார்த்தார்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்த பிடியை விடவில்லை.

டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நின்றுகொண்டார். தம்பி வீறிட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவன் தொப்புளிலிருந்து முறுக்கிய கயிறு போல ஒன்று அம்மாவுக்குள் போயிற்று. அத்தை என் கண்ணைப் பொத்த வந்தாள். ஆம்புலன்ஸில் கூட வந்த நர்ஸ் அக்கா அவளைத் தடுத்து, என் விரலைப் பிடித்து அந்தக் கொடிமேல் வைத்தாள். அது துடித்தது.

"உள்ள இருந்த வரைக்கும் உந்தம்பிக்குச் சோறு, தண்ணி, மூச்சு எல்லாம் இது வழியாத்தான் கண்ணு."

கொடியை வெட்டிய பிறகும் நர்ஸ் அக்கா காத்திருந்தாள். அதன் மறுமுனை கர்ப்பப்பையில் ஒட்டியிருந்தது. அது முழுசாகக் கழன்று வந்தால்தான் பை இறுகிச் சுருங்கும், ரத்தம் நிற்கும். ஒரு துண்டு தங்கிவிட்டாலும் உயிருக்கு ஆபத்து. பெரியம்மா பிரசவத்தில் போனது அப்படித்தான். இது அம்மாவுக்கும் அத்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

ஒருவழியாக அது வந்தது. நர்ஸ் அக்கா தட்டில் விரித்தாள். ஒரு பக்கம் ஈரலைத் துண்டு துண்டாக நெருக்கி வைத்தது போல இருந்தது. திருப்பினால் வழவழவென்று, கொடி சேரும் இடத்திலிருந்து நீல நரம்புகள் கிளைகிளையாக ஓரம்வரை ஓடின. அடேயப்பா, அம்மாவுக்குள் ஒரு மரமே இருந்திருக்கிறது! கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன்.

எனக்கும் இப்படி ஒன்று இருந்ததா என்று கேட்டேன். நர்ஸ் அக்கா அதை மறுபடி திருப்பி, எங்காவது பிய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். அவளும் என்னைப் போலவே சொக்கிப்போனாள் என்று நினைத்தேன்.

அம்மா தம்பியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"என்னய ஏம்மா பாக்கற? இதப் பாரு, எத்தன அழகா இருக்குது."

"முழுசா வந்துருச்சுங்க," என்றாள் நர்ஸ் அக்கா.

அத்தை ஓவென்று அழுதாள். அம்மா அப்போதுதான் என்னை விட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள். பையன் பிறந்ததும் என்னை மறந்துவிட்டாள் என்று, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.