பஸ்ஸில் செருப்பைக் கழற்றியவர்

கண்ணுகளா, ஒருநாள் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டுக்காரருக்குத் தலை முழுக்க நரை, மீசையில் மட்டும் கறுப்புச் சாயம். பிணவறையில் வேலை என்றார். அவர் போனில் பழைய இங்கிலீஷ் தொடர் ஓடியது. பிணத்தை அறுத்துப் பார்க்கிற டாக்டரே கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் கதையாம்.

திரையில் பிணம் வரும்போதெல்லாம் அவர் செருப்பைக் கழற்றினார். பிணம் போனதும் மாட்டிக்கொண்டார்.

“ஏனுங்க, செருப்பை எதுக்குங்க கழட்டறீங்க?”

“வேலைல பழகிப்போச்சுங்க. செத்தவங்களுக்கு ஒரு மரியாதை.”

“அவரு நடிகருங்க. வயிறு ஏறி எறங்குது பாருங்க.”

“நடிச்சு முடிக்கிற வரைக்கும் செத்தவருதானுங்களே!”

டாக்டர் கொலைகாரனைச் சொல்லப்போகும் நேரம் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். கழற்றி வைத்த செருப்பில் ஒன்று முன்னால் ஓடிவிட்டது. அவர் இறங்குமிடமும் வந்துவிட்டது.

“டூட்டிக்குள்ள போன் எடுக்கக்கூடாதுங்க. கொன்னது யாருன்னு பாத்துச் சொல்லிப்போடுங்க!” என்று போனை என் கையில் திணித்துவிட்டு, சீட்டுகளுக்கு அடியில் குனிந்து தேடினார்.

செருப்போடு வந்து, “யாருங்க?” என்றார்.

“கோட்டுப் போட்டவருங்க.”

“எல்லாருமே கோட்டுதானுங்களே போட்டிருக்காங்க!”

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அப்போதுதான் சொன்னேன். ஒரு பார்வை பார்த்தார். போனை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

பஸ் கிளம்பியதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டூட்டிக்குப் போகவேண்டியவர் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு இரண்டும் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தது.

கொன்றது யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை.