இராசவள்ளிக் களி வைத்த நாள்

என் வலது கால் அழுகத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்தது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பூட்டிய கடையின் தாழ்வாரத்தில் படுத்திருந்தேன். எனக்குச் சலரோகம், சீனி வருத்தம். முதலில் விரலில் ஒரு சின்னப் புண்தான். மார்கழி வந்தபோது இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். அவர்களில் பிழை இல்லை. எனக்கே என் மணம் தாங்கவில்லை.

சில அடியார்கள் தங்கள் அனுபவத்தை எழுதும்போது கண்ணீர் விட்டு வேண்டினோம், உருகினோம் என்று எழுதுகிறார்கள். நான் உருகவில்லை. ஏசினேன். சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் சின்னப் பிள்ளையார் கோயில் ஒன்று இருக்கிறது. காலையில் நொண்டி நொண்டிப் போய், கேற்றுக்கு வெளியே நின்று ஏசிவிட்டு வருவேன்.

"உனக்கு நேரத்துக்கு நேரம் பூசை நடக்குது. என்ரை கால் உனக்குக் காணேல்லையோ? எனக்கெண்டு ஒரு ஆளைக் காட்டு. ஒரேயொரு ஆள். காட்டினால் ஆஸ்பத்திரிக்குப் போறன். இல்லையெண்டால் இப்பிடியே அழுகிச் சாகிறன். பழி உனக்குத்தான்."

இதுதான் என் பிரார்த்தனை. மூன்று மாதம் இதையே சொன்னேன். வேறு பிரார்த்தனை எனக்குத் தெரியாது.

ஆள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் பக்கத்துக் கட்டில்காரனுக்குப் பெண்சாதி சோறு கொண்டுவருவாள். மகன் முதுகைத் துடைத்து விடுவான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். காலை வெட்டி விட்டால் யார் வந்து கூட்டிக்கொண்டு போவது? அதைவிடத் தாழ்வாரம் மேல் என்று நினைத்தேன். அது வெறும் வீறாப்பு. அந்த வீறாப்பில்தான் எனக்கு இருந்த உறவும் போனது.

எங்கள் ஊர் உடுப்பிட்டி. நான் மேசன், கட்டட வேலைக்காரன். எனக்கு ஒரே தங்கை, ராணி. அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் குடித்துவிட்டுப் பிந்திப் போனேன். பாடை சுடலைக்குப் போய்விட்டது. ராணி எல்லார் முன்னாலும் என்னைக் கேள்வி கேட்டாள். அவள் கேட்டது நியாயம். நியாயமாக இருந்தபடியால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். அந்தச் சொல்லைப் பிறகு சொல்கிறேன்.

வன்னியில் வேலை செய்தேன். சண்டை வந்தது. எல்லாரையும் போல ஓடினேன். முகாமில் இருந்து வெளியே வந்தபோது ராணி கலியாணம் முடித்து லண்டனுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் ராணியின் நம்பர் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. வெட்கம் பாதி, கோபம் பாதி. மிச்சத்தைக் குடித்தேன். வருஷங்கள் போயின.

மதியச் சாப்பாடு சங்கத்தில். பட்டணத்தில் சில பேர் சேர்ந்து நடத்துகிற தருமச் சங்கம் அது. பலகையில் நீளமான பெயர் உண்டு. நாங்கள் சோத்துச் சங்கம் என்போம். போக்கிடம் இல்லாதவர்களுக்கு மதியம் சோறு. வெள்ளிக்கிழமை ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி, மிஸ்ஸி ஒருவர் வந்து புண்ணுக்கு மருந்து கட்டுவார். அடையாள அட்டை தொலைத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார்கள்.

இப்போது சங்கத்துக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. நிலத்துக்கு மாபிள், கைகழுவ வரிசையாகக் குழாய். நல்லது. ஆனால் என் கனவில் வருவது அந்தப் பழைய வாடகை வீடுதான். ஓடு ஒழுகும். வாளி வைத்திருப்பார்கள். வாளிக்குள் சொட்டு விழுகிற சத்தத்தோடு குத்தரிசிச் சோறு வேகிற வாசம் வரும். இருந்து சாப்பிடுகிற நீள வாங்கு ஒன்றுக்குக் கால் சமம் இல்லை. ஒரு பக்கத்தில் யாராவது இருந்தால் மற்றப் பக்கத்தில் இருக்கிறவனின் பருப்பு வழியும். அதற்கு ஒரு சண்டை. அந்தச் சண்டையைக்கூட இப்போது நினைத்தால் ஆசையாக இருக்கிறது.

சமையல் பரமேசு அக்கா. கை நிறைய அள்ளி வைப்பார், வாய் நிறைய ஏசுவார். நான் கால் மணத்துக்காக விறாந்தையில் தனியே இருந்து சாப்பிடுவேன். என்னோடு வந்து இருக்கிற ஒரே ஆள் கந்தையா அண்ணை. பஸ் ஓட்டியவர். இரண்டு கண்ணிலும் புகை மாதிரிப் படலம் விழுந்து, ஆளைக் குரலால்தான் பிடிப்பார்.

"அண்ணை, உள்ளுக்குப் போய் இருங்கோ. இங்கை மணக்கும்."

"எனக்குக் கண்தான் தெரியாது எண்டு நினைச்சனான். மூக்கும் போட்டுது போலை. நீ சாப்பிடு."

அவர்தான் அடிக்கடி கேட்பார், "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போவம். கூட நான் நிக்கிறன்" என்று.

"உங்களைப் பாக்கவே ஒரு ஆள் வேணும். நீங்கள் என்னைப் பாக்கப் போறியளோ?" என்பேன். அவர் சிரிப்பார். நான் சிரிக்கமாட்டேன்.

சங்கத்தில் ஒவ்வொரு நாள் சாப்பாடும் ஒருவருடைய உபயம். பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் செத்த தாய் தகப்பன் பெயரில் கொடுப்பார்கள். செத்தவரின் படத்தை மாலை போட்டுக் குழாயடிக்குப் பக்கத்து மேசையில் வைப்பார்கள். தேவாரம் பாடிவிட்டுத்தான் சாப்பாடு. சாப்பிடுகிறவர்களைப் படம் எடுத்து உபயகாரருக்கு அனுப்புவார்கள். படம் எடுக்க வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மேசையில் இருக்கிற படத்தையும் பார்க்கமாட்டேன். "இண்டைக்கு எந்தப் பிணத்தின்ரை சோறு, அக்கா?" என்று கேட்பேன். பரமேசு அக்கா அகப்பையை ஓங்குவார்.

தை மாதம், பொங்கல் முடிந்து இரண்டாம் கிழமை. ஒரு புதன்கிழமை. அன்றைக்குக் காய்ச்சலோடு போனேன். கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. காலையில் பிள்ளையாரிடம் போகவில்லை. போக முடியவில்லை. இனி ஏசியும் பலன் இல்லை என்றுதான் நினைத்தேன்.

சோறு முடிந்து ஒரு சருவச்சட்டியோடு அக்கா வந்தார். இராசவள்ளிக் களி. கிழங்கையும் சீனியையும் போட்டுக் கிண்டியது. கத்தரிப்பூ நிறம், தேங்காய்ப்பால் வாசம். எல்லாருக்கும் வைத்தார். என்னைத் தாண்டிப் போனார்.

"எனக்கு?"

"சீனிக்காரருக்கு இல்லை. காலைப் பார். உனக்குக் களி வேறை கேக்குதோ?"

"சாகப் போறவனுக்கு என்ன சீனி? வையுங்கோ."

"ஒரு கரண்டி. ஒரு கரண்டிதான்." வைத்துவிட்டுப் புறுபுறுத்தார். "இப்பிடியும் ஒரு உபயகாரி. களியைக் கொஞ்சம் அடிப்பிடிக்க விடுங்கோ எண்டு எழுதியிருக்கிறாள். தமையனுக்கு அடிப்பிடிச்ச களிதான் விருப்பமாம். இத்தினை வருஷத்திலை என்ரை சட்டி ஒருநாளும் அடிப்பிடிச்சதில்லை. கையாலை கெடுக்கச் சொன்னால் எப்பிடி?"

நான் கரண்டியை வாயில் வைத்துவிட்டேன். அடிப்பிடித்த புகை வாசம் மூக்கில் ஏறியது.

எங்கள் வீட்டில் களி கிண்டுவது ராணி. நான் வேலையால் வரும் நேரம், வேண்டுமென்றே அடுப்பை எரியவிட்டு அடிப்பிடிக்க வைப்பாள். அம்மா ஏசுவார். ராணி கண்ணைச் சிமிட்டுவாள். கையில் சுண்ணாம்பு இருக்கும் எனக்கு. நான் கை கழுவ முன்பே சட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, கருகிய அடியைச் சுரண்டித் தன் கையால் என் வாயில் வைப்பாள். அந்தச் சுரண்டுகிற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. ஊரெல்லாம் களி கிண்டும். அடிப்பிடித்த களியைக் கேட்கிற விசரன் நான் ஒருவன்தான்.

கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். கந்தையா அண்ணை "என்ன தம்பி?" என்றார். பதில் சொல்லாமல் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குழாயடிக்குப் போனேன். மேசையில் மாலை போட்ட படம். மெல்லிய மீசை, அகலக் கொலர் சேட்டு. அடையாள அட்டைக்காக நெல்லியடியில் எடுத்த படம் அது. கீழே அமரர் கதிரவேலு யோகநாதன் என்று இருந்தது. பிறந்த நாள் போட்டிருந்தது. அன்றைய நாள்தான் அது. மறைந்த நாளுக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம். என்னைக் கேட்காமல் எப்படி என்னைச் சாகடிப்பாள் என்று. பிறகு நிலத்தில் இருந்துவிட்டேன்.

"அக்கா, உது நான்."

"எது நீ?"

"உந்தப் படம். உது நான்தான். யோகநாதன்."

தம்பி என்றே கூப்பிட்டுப் பழகியதால் சங்கத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. பரமேசு அக்கா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் இருந்த அகப்பை விழுந்தது. எல்லாரும் கூடிவிட்டார்கள். கந்தையா அண்ணை தடவித் தடவி வந்து, விஷயத்தைக் கேட்டு, பெரிதாகச் சிரித்தார். "தன்ரை திவசத்துக்குத் தானே வந்து களியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஆள் நீதான் தம்பி. இனி உனக்கு ஆயுசு கூட."

நான் சொன்னேன், "அக்கா, இப்ப எடுங்கோ படம். உந்தப் படத்துக்குப் பக்கத்திலை என்னை நிப்பாட்டி எடுங்கோ. அவளுக்கு அனுப்புங்கோ."

எடுத்து அனுப்பினார். லண்டனில் அப்போதுதான் விடிந்திருக்கும். பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டிப் பிடித்தார்.

"ஆர் நீங்கள்? செத்த மனிசனை வைச்சு ஏன் விளையாடுறியள்?"

"ராணி, நான்தான்."

"அண்ணையின்ரை குரல் இப்பிடி இல்லை."

"பல்லு இல்லை. குரல் பின்னை எப்பிடி இருக்கும்?"

பிறகு மெல்லக் கேட்டாள். "நீ அண்ணை எண்டால், அப்பாவின்ரை செத்தவீட்டிலை கடைசியா எனக்கு என்ன சொன்னனி?"

இத்தனை பேர் முன்னால். அன்றைக்கும் இப்படித்தான் ஊரே சுற்றி நின்றது.

"செத்தாலும் உன்ரை வாசல் மிதிக்கமாட்டன் எண்டு சொன்னனான்."

"ஐயோ, அண்ணை!" என்றாள். அதற்குப் பிறகு அழுகைதான் கேட்டது. பரமேசு அக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வன்னியில் நான் செல் குண்டு பட்டுச் செத்ததைக் கண்டதாக யாரோ ராணியிடம் சொல்லியிருக்கிறார்கள். நாள் தெரியாதபடியால் நான் பிறந்த நாளில் உபயம் கொடுத்திருக்கிறாள். நானே மறந்துபோன நாள்.

அழுது முடிந்ததும் முதலில் இதைத்தான் கேட்டாள். "களி அடிப்பிடிச்சதோ?"

"பிடிச்சது. ஆனால் உன்ரை அளவுக்குக் காணாது."

காலைப் பற்றி அக்கா சொன்னார். "உடனை ஆஸ்பத்திரிக்குப் போ அண்ணை. நான் ரிக்கற் போட்டு வரக் கொஞ்ச நாள் செல்லும். கூட நிக்க ஆர் இருக்கினம்?" என்றாள் ராணி. என் தோளுக்குப் பக்கத்தில் இருந்து கந்தையா அண்ணை சொன்னார், "நான் நிக்கிறன் பிள்ளை. நீ யோசியாதை."

அன்று பின்னேரமே ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் கால் இல்லை என்றார் டொக்டர். இரண்டு விரல்கள் போயின. கால் மிஞ்சியது. பதினொரு நாள் கந்தையா அண்ணை என் கட்டிலடியில் கதிரை போட்டு இருந்தார். "தம்பி, சேலைன் முடிஞ்சுதோ எண்டு நீ பாத்துச் சொல்லு. எனக்குக் கண் தெரியாது. நான் போய் மிஸ்ஸியைக் கூப்பிடுறன்" என்பார். போகிற வழியில் நாலு கட்டிலில் முட்டுவார். வார்டு முழுக்கச் சிரிக்கும். பரமேசு அக்கா சோறு கொண்டுவருவார், சீனி இல்லாத தேத்தண்ணீரோடு.

அந்தக் கட்டிலில் கிடந்துதான் எனக்கு விளங்கியது. ஒரேயொரு ஆளைக் காட்டு என்று மூன்று மாதம் பிள்ளையாரை ஏசினேன். ஏசிவிட்டு நேரே சங்கத்துக்குப் போய், கந்தையா அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து சோறு தின்றேன். அவர் நான் நிக்கிறன், நான் நிக்கிறன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராணியைக் காட்டியிராவிட்டால் நான் அவரைக் கண்டிருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை. ஆடி விடுமுறைக்கு ராணி வந்தாள். பஞ்சு வைத்த சப்பாத்து ஒன்று கொண்டுவந்தாள். சங்கத்தின் புதுக் கட்டடத்துக்கு வாசற்படி கட்டியது நான்தான். நொண்டுகிறவர்களுக்கு ஏற்ற மாதிரித் தாழ்வாகக் கட்டினேன். அதில் முதல் மிதித்தவர் கந்தையா அண்ணை. போன வருஷம் அவர் போய்விட்டார். தூக்கத்தில் போனார். அவருக்கு உபயம் கொடுக்க வெளிநாட்டில் யாரும் இல்லை. நானும் பரமேசு அக்காவும் சமைத்தோம். நான்தான் களி கிண்டினேன். அடிப்பிடித்தது.

மேசையில் வைக்க அவருடைய படம் ஒன்றும் இருக்கவில்லை. தேடினபோது, அன்றைக்கு ராணிக்கு அனுப்பிய படத்தின் ஓரத்தில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கச் சொன்னேன். ஸ்ரூடியோக்காரன் செய்துவிட்டுச் சொன்னான், "அண்ணை, தோளிலை ஒரு கை கிடக்குது. அதை எடுத்தால் இவரின்ரை தோளும் போகும்" என்று.

அது என் கை. அன்றைக்கு நிற்க முடியாமல் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கே நினைவில்லை. கையை அப்படியே விடச் சொன்னேன். படத்தில் இருக்கிறது.

அடியார்களே, உங்களுக்குத் துன்பம் வந்தால் பிள்ளையாரை ஏசுங்கள். அவர் கோபிக்கமாட்டார். என்னளவுக்கு ஏசியவர் யாரும் இல்லை, என்னையே விட்டுவைத்திருக்கிறார். நம்பிக் கேளுங்கள். ஏசி முடிந்ததும், பக்கத்தில் யார் நிற்கிறார் என்று ஒருக்கால் திரும்பிப் பாருங்கள்.