மூன்றாவது கட்டம்

நான் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகள் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போகும் படங்களை நானே முடித்துச் சுவரில் ஒட்டுவது என் பழக்கம். யானைக்கு வால் விட்டுப்போயிருந்தால் வால் போடுவேன். வானம் வெறுமையாக இருந்தால் நீலம் அடிப்பேன். சூப்பர்வைசர் மேடம் வந்து பார்க்கும்போது சுவர் நிறைந்திருக்க வேண்டுமே. வெள்ளைத்தாள் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் என் கை சும்மா இருக்காது. அந்தக் கை என் வீட்டில் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

நீலகிரியில் நடுவட்டம் என்ற ஊரில் எஸ்டேட் வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். மூடுபனியை இங்கே மஞ்சு என்போம். மஞ்சு இறங்கிவிட்டால் வாசலில் நிற்கிற ஆள் தெரியாது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டுதான் வண்டி ஓட்ட முடியும். எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் கடைசி வளைவில் அவர் இரண்டு தடவை அடிப்பார். அது காதில் விழுந்ததும் நான் அடுப்பில் பாலை வைப்பேன். பால் பொங்கவும் அவர் உள்ளே வரவும் சரியாக இருக்கும்.

போன ஆடியில் ஒரு சாயங்காலம் அந்த ஹாரன் கேட்கவில்லை. ஆறு வயது மகன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "அப்பா எங்கம்மா?" என்று நச்சரித்தான். "மஞ்சு கட்டியிருக்கில்ல, மெதுவாத்தான் வருவாரு" என்றேன். அப்போது எனக்கும் அது பொய் என்று தெரியாது. வண்டி சறுக்கி, ரோட்டுக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தவரை ஃபேக்டரி ஆட்கள் கண்டுபிடித்துவிட்டு வந்து சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது.

"சின்னப் பையன், அவன் பாக்க வேண்டாம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். கேத்தியிலிருந்து வந்த என் அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பதினோரு வயது மகள் மட்டும் என்னோடு இருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். காரியம் முடிந்து அவன் திரும்பி வந்ததும், "அப்பா சாமிகிட்டப் போயிட்டாரு" என்றோம். அவன் தலையாட்டினான். தலையாட்டியதையே புரிந்துகொண்டதாக எடுத்துக்கொண்டோம். எங்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அதன் பிறகு அவனிடம் புதிதாக ஒரு பிடிவாதம் வந்தது. சாயங்காலமானால் ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவான். மஞ்சு உள்ளே வந்து கம்பளி எல்லாம் நசநசவென்று ஆகும். அவனுக்கும் இருமல். சாத்து என்று நான் கத்துவேன். சாத்திவிட்டு வந்தால் மறுபடியும் திறப்பான். ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தும் விட்டேன்.

ஐப்பசியில் இரண்டு நாள் மழை லீவு விட்டார்கள். மகளின் வகுப்பு டீச்சர், வீட்டில் நடப்பதை நான்கு கட்டத்தில் காமிக்ஸாக வரைந்துவரச் சொல்லி போனில் அனுப்பியிருந்தார். நான் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். கதை அக்கா, படம் தம்பி என்று அவர்களுக்குள் ஒப்பந்தம். முதல் கட்டத்தில் ஜன்னல், அதில் இரண்டு தலைகள். இரண்டாவதில் அடுப்படியில் நான். மூக்கு பீட்ரூட் மாதிரி, வாய் காது வரைக்கும். வாயிலிருந்து புறப்பட்ட பலூனில், "யாருமே பாலைப் பாக்க மாட்டீங்களா?" என்று மகள் எழுதியிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் நான் சிரித்தேன்.

மூன்றாவது கட்டம் வெள்ளையாக இருந்தது. நான்காவதும்தான். இரண்டு பேரும் பக்கத்து வீட்டில் கறுப்பு ஸ்கெட்ச் இரவல் வாங்கப் போயிருந்தார்கள். என் கை சும்மா இருக்கவில்லை. பச்சை ஸ்கெட்ச்சை எடுத்து, மூன்றாவது கட்டத்தில் வரிசை வரிசையாகத் தேயிலைச் செடி போட்டேன். அழகாகவே வந்தது.

திரும்பி வந்தவன் பார்த்துவிட்டு வீறிட்டான். "ஏம்மா அப்பா மேல செடியப் போட்ட?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்பா எங்கடா இருக்காரு? சும்மாதான இருந்துச்சு?"

"சும்மா இல்ல. அது மஞ்சு! அப்பா அதுக்குள்ள வந்துட்டு இருக்காரு. அதான் தெரியல. அடுத்த கட்டத்துலதான் ஹாரன் அடிப்பாரு."

மகள் என்னைப் பார்த்தாள். அவர் கிடந்த இடத்தைப் பார்த்தவள் அவள். நான் என்ன வரைந்துவிட்டேன் என்பது என்னைவிட அவளுக்கு முதலில் புரிந்திருக்கிறது. என் கையிலிருந்த ஸ்கெட்ச்சை மெல்ல வாங்கி மூடினாள். மூன்று மாதமாக அவன் ஜன்னலைத் திறந்தது எதற்காக என்று அப்போதுதான் உறைத்தது. அவனை அடித்த கையும் இதுதான்.

இதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு மனசில்லை. அவனை மடியில் இழுத்து உட்கார வைத்தேன்.

"அப்பா வரமாட்டாரு, கண்ணு. வண்டி சறுக்கிச் செடிக்குள்ள விழுந்துட்டாரு. நெறைய அடிபட்டுருச்சு. செத்துப் போயிட்டாரு." அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. தவறிட்டாரு, போயிட்டாரு என்றே ஒப்பேற்றி வந்திருந்தேன்.

அவன் அழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தச் செடியா?" என்றான்.

"ஆமா, சாமி."

"ஹாரன் அடிச்சாரா?"

அடித்தார் என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது. "தெரியல கண்ணு. நமக்குக் கேக்கல" என்றேன். அதன் பிறகுதான் அழுதான். மூன்று பேரும் அழுதோம். அப்பா இறந்த அன்றுகூட மகள் அப்படி அழுததில்லை.

நான்காவது கட்டத்தை யாரும் தொடவில்லை. மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவில்லை. டீச்சரிடம் நான் போனில் பேசிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மழை விட்டு மஞ்சு இறங்கியது. அவன் வழக்கம்போல் ஜன்னலுக்குப் போனான். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான். பிறகு ஜன்னல் கதவில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"சாத்திரட்டுமாம்மா?"

மூன்று மாதமாக அதைச் சாத்து என்று கத்தியவள் நான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், கண்ணு" என்றேன்.