கொலைகாரனின் சின்ன வயது

தூக்கா ஆயுளா என்று நீதிபதி முடிவு செய்வதற்கு முன், குற்றவாளி எப்படி வளர்ந்தான் என்று விசாரித்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டுப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்கு என் பாடு புரியும்.

அடித்தார்களா?

மூன்று பெண்களைக் கொன்ற பாபுவின் வழக்கு என்னிடம் வந்தபோது, அறிக்கை கொடுக்கப் பத்து நாள்தான் இருந்தது. வட சென்னை எம்.கே.பி. நகரில் அவன் வளர்ந்த தெருவுக்குப் போனேன். மாவு மில் அக்காவிடம், "சின்ன வயசுல அவனை அடிப்பாங்களா?" என்று கேட்டது என் முட்டாள்தனம். "எதால அடிப்பாங்க?" என்றுதான் கேட்க வேண்டும். இத்தனை வருடமாகியும் அவசரத்தில் மாற்றிக் கேட்டுத் தொலைக்கிறேன். அக்கா சிரித்துவிட்டார்.

"அடிக்காத வூடு எது சார் இங்க? உங்க வூட்ல இன்னா கொஞ்சிகினா இருந்தாங்க?"

மரியாதைக்கு ஒரு நாற்காலி

அதே தெருவில்தான் பாபுவின் மாமா வீடு. பாபுவின் அப்பா இறந்த பிறகு தங்கையையும் இரண்டு பையன்களையும் வைத்துக் காப்பாற்றியவர். அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று வீட்டுப் பெரியவரை வெளியே போகச் சொல்ல முடியுமா? ஒரு நாற்காலியில் அவர், ஒன்றில் நான், தரையில் பாபுவின் அம்மா. ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அந்த அம்மா அண்ணன் முகத்தைப் பார்த்தார். அதைக் கவனித்தும், 'இயல்பான குழந்தைப் பருவம்' என்று எழுதிக்கொண்டேன். இன்று நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. கிளம்பும்போது மாமா சொன்னார்:

"ராஜா மாறி வளத்தோம் சார். இன்னா கொற வெச்சோம்?"

சாத்தாங்காட்டில்

பாபுவின் தம்பி இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறார். லாரி நிரம்பும்வரை என்னை வெயிலில் நிற்க வைத்தார். மிச்சம் இருந்தது மூன்று நாள். இந்த முறை சரியாகக் கேட்டேன், எதால அடிப்பாங்க என்று.

"கம்பி" என்றார். அடித்தது மாமா. கக்கூசில் வைத்துப் பூட்டுவதும் உண்டாம். பன்னிரண்டு வயதில் பாபு தனியாகப் பேச ஆரம்பித்தபோது, காத்து கருப்பு என்று மாமா மந்திரித்த கயிறு கட்டிவிட்டார், டாக்டரிடம் காட்டவில்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆனால் அடிபட்டவர்கள் எல்லாம் கொலை செய்வதில்லை. மனநோய் வந்தவர்களும் அப்படித்தான். "நீங்களும் அதே வீடுதானே?" என்றேன்.

"ஆமா சார். எனக்கு வுழ வேண்டியதையும் அவன்தான் குறுக்க வந்து வாங்கிகினான்."

ஜெயிலில்

பாபுவுக்கு மனநோய் இருப்பதை அங்கே பரிசோதித்த டாக்டர் உறுதி செய்தார். மாமா விஷயத்தையும் எழுதினால் தூக்கு தப்பலாம் என்று பாபுவிடம் சொன்னேன். கொன்ற பெண்களைப் பற்றிக் கேட்டபோது அசையாத முகம், அப்போது மாறியது. எங்களுக்கு நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது. பயந்துவிட்டேன்.

"அத்த எழுதாத சார். எங்கம்மா அந்த ஆளு வூட்லதான் கீது."

வராந்தாவில்

நான் போய் விஷயத்தைச் சொல்லி, தம்பி அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போன பிறகு, கடைசி நாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். ஆயுள் என்று தீர்ப்பு வந்தது. அப்பாடா என்று கோர்ட் வராந்தாவுக்கு வந்தால், ஒரு பெண் வழிமறித்தாள். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் வேலை செய்பவள். பாபு கொன்ற மூவரில் ஒருவர் அவளுடைய அம்மா. கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்கம்மா சின்ன வயசுல எப்டி வளந்துச்சுன்னு யாரையாச்சும் கேட்டீங்களா சார்?"

கேட்கவில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிற எனக்கு, அது ஒரு கேள்வி என்றே அதுவரை தோன்றவில்லை.